முன்மாதிரி நோயாளி

சுயம்புலிங்கம் ஒரு விதியைக்கூட மீறாமல் செத்துப்போனார். அவருடைய நாற்பத்தேழு நாள் பதிவையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். தடை செய்யப்பட்ட உணவு: இல்லை. தவறவிட்ட மாத்திரை: இல்லை. தாமதம்: ஒரே ஒரு நாள், நான்கு நிமிடம். அன்று அவர் வேலை பார்த்த துணைமின் நிலையத்தில் ஏதோ பழுது. கடைசி வரியில் பச்சை எழுத்தில் 'முன்மாதிரி நோயாளி' என்று இருந்தது. அந்தச் சான்றிதழ் அவருடைய கைப்பேசிக்கு வந்த நான்காம் நாள் அவர் மண்டைக்குள் ரத்தம் கசிந்தது.

என் பெயர் பியூலா. தேரிமங்கலம் அரசு மருத்துவமனையில் பதினாறு வருடங்களாகச் செவிலியர். செவ்வாய்க்கிழமை தோறும் நடக்கும் வால்வு ஓ.பி. என் பொறுப்பு.

இதயத்தில் செயற்கை வால்வு வைத்தவர்கள் ஆயுள் முழுக்க ஒரு மாத்திரை சாப்பிட வேண்டும். வார்ஃபரின் என்று பெயர். ரத்தம் எளிதில் உறையாமல் பார்த்துக்கொள்ளும். அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொண்டு வால்வே நின்றுவிடும். கூடினால் எங்காவது கசியத் தொடங்கி நிற்காது. மாதம் ஒருமுறை விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் உறைவு எண் பார்ப்போம். இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருந்தால் போய் வாருங்கள் என்போம். ஏறினாலோ இறங்கினாலோ டாக்டர் மாத்திரையைக் குறைப்பார் அல்லது கூட்டுவார். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு நாவறி வந்தது.

அரிசி மணி அளவில் ஒரு சில்லு. கடைவாய்ப் பல்லின் உட்பக்கம் ஒட்டிவிடுவோம். எச்சிலை வைத்தே என்ன சாப்பிட்டோம் என்று கண்டுபிடித்துவிடும். வீட்டில் ஒரு மாத்திரைப் பெட்டி இருக்கும். நாம் சாப்பிடும் மருந்துக்கு ஆகாத உணவு எதுவும் வாயில் படவில்லை என்று சில்லு சொன்னால்தான் அந்தப் பெட்டி பச்சை விளக்கு காட்டித் திறக்கும். பட்டிருந்தால் சிவப்பு. மூன்று சிவப்பு விழுந்தால் இலவச மருந்துத் திட்டத்திலிருந்து பெயர் நீக்கம்.

அது முழு மோசடி என்று சொல்ல மாட்டேன். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர் சூரைமீன் தின்றுவிட்டு உடம்பெல்லாம் சிவந்து, மூச்சு முட்டி வந்து விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். கொழுப்பு மாத்திரையோடு தினமும் பம்ப்ளிமாஸ் சாப்பிட்டு, தசைகள் கரைந்து எழுந்திருக்க முடியாமல் போன ஒரு வாத்தியாரைப் பார்த்திருக்கிறேன். சிறுநீரகம் பழுதானவர் ரத்த அழுத்த மாத்திரையும் போட்டு, வெயிலுக்கு இதமாக நான்கு இளநீரும் குடித்துவிட்டு, இதயம் தாறுமாறாகத் துடிக்க வந்தார். அவரைக் காப்பாற்ற முடியவில்லை. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இப்படிப் பகை உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்கள்தான் சொல்லவில்லை. ஆகவே நாவறி வந்தபோது நான் சந்தோஷப்பட்டேன். என் கையாலேயே அறுபத்து மூன்று வால்வு நோயாளிகளுக்கு ஒட்டினேன்.

ஒட்டுவதற்கு முன் எங்களுக்கு ஒருநாள் பயிற்சி நடந்தது. நடத்தியவர் நாவறி நிறுவனத்தின் மாவட்ட ஒருங்கிணைப்பாளர் நிரஞ்சன். முப்பது வயது இருக்கும். மரியாதையான பையன். திரையில் பட்டியல் ஓடியது. வார்ஃபரினுக்கு எதிரே சிவப்பில் 'கீரை வகைகள் அனைத்தும்' என்று இருந்தது.

நான் எழுந்தேன். "சார், எங்க ஆட்கள் பல வருஷமா கீரை சாப்பிட்டுக்கிட்டுதான் இந்த மாத்திரையும் சாப்பிடுறாங்க. கீரையில இருக்கிற சத்து ரத்தத்தை உறைய வைக்கும். மாத்திரை உறைய விடாது. அந்தக் கீரையையும் கணக்குல வச்சுதான் டோஸ் போட்டிருக்கோம். இப்போ திடீர்னு கீரையை மட்டும் நிறுத்திட்டா, அதே மாத்திரை அதிகப்படியாயிராதா?"

"நல்ல கேள்வி மேடம்," என்றார் நிரஞ்சன். "அதையெல்லாம் சிஸ்டம் பாத்துக்கும். அதனாலதான் மாசாமாசம் ரத்தப் பரிசோதனைகூட இனிமே தேவையில்லைன்னு முடிவு பண்ணியிருக்காங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போதும்."

"சிஸ்டம் எப்படிப் பாக்கும்? அது சாப்பாட்டைத்தானே பாக்குது, ரத்தத்தைப் பாக்கலையே."

"நான் மேல கேட்டுச் சொல்றேன் மேடம்."

மதியச் சாப்பாட்டுக்கு மணி ஆகிவிட்டது. எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நானும் எழுந்துவிட்டேன்.

சில்லு ஒட்டத் தொடங்கிய இரண்டாவது வாரம் சுயம்புலிங்கம் வந்தார். நாற்பத்தொன்பது வயது. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து, வால்வு மாற்றிய பிறகு துணைமின் நிலையத்தில் பதிவேடு எழுதும் வேலைக்கு மாற்றப்பட்டவர். வரிசையில் முந்த மாட்டார். சீட்டை மடிக்காமல் உறையில் வைத்துக்கொண்டு வருவார். நான் சில்லை ஒட்டி முடித்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"சிஸ்டர், ஒரு சந்தேகம். வீட்டுல ரெண்டு முருங்கை நிக்கி. எனக்குத் தெனமும் மத்தியானம் கீரைதான். அதை இன்னையோட நிறுத்தணும், அப்படித்தானே?"

"ஆமா, நிறுத்தணும்."

"சரி. நிறுத்திருதேன். ஆனா ஒரு பக்கம் லோடு கொறைஞ்சா மறுபக்கம் வோல்டேஜ் ஏறுமே. மாத்திரையையும் கொறைக்க வேண்டாமா?"

நான் பயிற்சியில் கேட்ட அதே கேள்வி. ஒரு லைன்மேன் தனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"அதையெல்லாம் பெட்டியே பாத்துக்கிடும்."

அவர் தலையாட்டினார். "எங்க வேலையில சிஸ்டர், விதியை மீறுனவன் எவனும் ரெண்டாவது தடவை மீறுனது கெடையாது. போஸ்டுலயே தொங்கிருவான். சொன்னதைச் செஞ்சுட்டுப் போயிருதேன்."

அவருக்குச் சில்லு ஒட்டிய ஐந்தாவது வாரம் மறுபடி வந்தார். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறது என்றார். சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினார். முழங்கைக்கு மேலே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு ரத்தக்கட்டு. எங்கே இடித்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. நான் ரத்தப் பரிசோதனைக்குப் பதிவு செய்தேன். 'இந்த நோயாளிக்குப் பரிசோதனை நாள் வரவில்லை' என்று கணினி மறுத்தது. மறுபடி போட்டேன். மறுபடி மறுத்தது. சில்லு ஒட்டியதால் ஈறு புண்ணாகியிருக்கும் என்று சொல்லி, உப்புநீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னேன்.

அலமாரியில் பழைய கைக்கருவி இருந்தது. விரலில் குத்தினால் ஒரு நிமிடத்தில் எண் சொல்லிவிடும். அது அப்போது நினைவுக்கு வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. வந்தது. அறைக்கு வெளியே நாற்பது பேர் நின்றார்கள். கருவி உள்ள அலமாரிச் சாவி ஸ்டோரில் இருந்தது. நான் போகவில்லை.

அதிலிருந்து பன்னிரண்டாவது நாள் காலை, துணைமின் நிலையத்தில் நாற்காலியிலிருந்து எழுந்தவர் தலையைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆம்புலன்சில் வந்தபோது ஒரு பக்கம் வாய் கோணியிருந்தது. உறைவு எண் பதினொன்று. பதினொன்று என்றால் ரத்தம் கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி. டாக்டர் என்னவெல்லாமோ ஏற்றிப் பார்த்தார். மறுநாள் மத்தியானம் இறந்துபோனார். அவருடைய மனைவி சந்தனமாரி அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சொன்னதை எல்லாம் செஞ்சாரே சிஸ்டர். எதை விட்டாரு?"

ஒரு வாரத்தில் நாவறி நிறுவனத்தின் அறிக்கை வந்தது. உணவு மீறல் இல்லை, மருந்து தவறல் இல்லை, கருவி முழுமையாக இயங்கியது, எனவே இறப்புக்கும் நாவறிக்கும் தொடர்பு இல்லை. நான்கு வரி. அவர் ஒழுங்காக இருந்ததையே அவருக்கு எதிரான சாட்சியாக்கிவிட்டார்கள். ஒரு கருவி சொன்னபடி கேட்டு ஒரு மனிதன் செத்தால், சொன்னபடி கேட்டான் என்பதே கருவிக்கு நற்சான்றிதழாக முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. 

அந்தக் காகிதத்தோடு டாக்டரிடம் போனேன். "மீதி அறுபத்திரண்டு பேரையும் கூப்பிடப் போறேன் சார். கணினி வேண்டாம். கைக்கருவியில பாக்கப் போறேன்."

"பரிசோதனைப் பட்டை இருக்கா?"

"எண்பது இருக்கு. காலாவதிக்கு மூணு வாரம் இருக்கு."

அவர் வெள்ளைத்தாளில் 'அவசரப் பரிசோதனை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று நாட்களில் எல்லோரும் வந்தார்கள். இருபத்தொரு பேருக்கு எண் அபாயத்தில் இருந்தது. இருவருக்கு எட்டைத் தாண்டியிருந்தது. ஒருவர் ஆட்டோ ஓட்டிக்கொண்டே வந்திருந்தார். சாவியை வாங்கி வைத்துக்கொண்டு அப்படியே படுக்க வைத்தோம். எல்லோருக்கும் டாக்டர் மாத்திரையை நிறுத்தியும் குறைத்தும் எழுதினார். பெட்டிகளில் பழைய அளவே இருந்ததால் புது அளவை வார்டிலிருந்து கொடுத்தோம். இருபத்தொரு பேரும் பிழைத்தார்கள். அந்த இருபத்தொரு பேருடைய பதிவிலும் ஒரு சிவப்புகூட இல்லை.

மீதி நாற்பத்தொரு பேருக்கு எண் சரியாக இருந்தது. பதினெட்டு பேர் எப்போதுமே கீரைப் பக்கம் போகாதவர்கள். அவர்களுக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் இருபத்து மூன்று பேர்? பழைய சீட்டுகளைப் பார்த்தேன். எல்லோரும் தினமும் கீரை சாப்பிட்டவர்கள். எல்லோருக்கும் பதிவில் பச்சை. கீரையை நிறுத்தியிருந்தால் எண் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

அவர்களில் ஒருவர் ஆமினா. ஐம்பத்தைந்து வயது. பேருந்து நிலையத்தின் பின்பக்கம் இடியாப்பக் கடை வைத்திருக்கிறவர். அவருடைய எண் மிகச் சரியாக மூன்று.

"ஆமினாக்கா, கீரையை எப்போ நிறுத்துனீங்க?"

"நீங்க ஒட்டுன அன்னைக்கே."

"அப்படின்னா உங்க எண் மூணுல நிக்காது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கதவைச் சாத்துங்க சிஸ்டர்."

சாத்தினேன். சுருக்குப்பையிலிருந்து ஒரு பபிள்கம் பொட்டலத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதை மென்னு சில்லு மேல அப்பிக்கிடுவேன். கீரைச்சோறு தின்னுட்டு நல்லா வாய் கொப்பளிச்சு, அரை மணி நேரம் பொறுத்து எடுத்துருவேன். அது பாட்டுக்குப் பச்சை காட்டும்."

"இது உயிர் விஷயம்க்கா."

"அதுக்குத்தான் சொல்லுதேன். பதினோரு வருசமா இதே சோறு, இதே மாத்திரை, இதே நம்பர். நீங்கதான் ஒவ்வொரு மாசமும் 'அப்படியே இருங்கக்கா'ன்னு எழுதிக் குடுத்தீய. நல்லா ஓடுதத எதுக்குக் கலைக்கணும்? அந்தப் பட்டியல் போட்டவனுக்கு என்னைத் தெரியுமா, உங்களுக்குத் தெரியுமா?"

நான் அவருடைய பழைய சீட்டைப் புரட்டினேன்.

"நான் மட்டும்னு நெனைக்காதீய," என்றார் ஆமினா. "பாதிப் பேருக்கு நான்தான் இந்தப் பொட்டலத்தைக் கடையில வச்சுக் குடுத்தேன். அந்த லைன்மேன்கிட்டயும் சொன்னேன். அவரு மாட்டேன்னுட்டாரு. 'சிஸ்டர் அப்படிச் சொல்லலியே'ன்னாரு."

ஆக, ஏமாற்றியவர்கள் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். என்னை நம்பியவர் செத்துப்போனார். என்னை நம்பிய இன்னும் இருபத்தொரு பேர் சாகக் கிடந்தார்கள். நாவறியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்தச் சாட்சியைச் சொல்ல வேண்டுமானால், இருபத்து மூன்று பேரும் சில்லை ஏமாற்றியதை ஒப்புக்கொள்ள வேண்டும். சில்லை மறைப்பதற்கு மூன்று வாய்ப்பெல்லாம் கிடையாது. ஒருமுறை தெரிந்தாலே பெயர் நீக்கம்தான்.

நான் முறையீடு எழுதினேன். எல்லோருடைய எண்களையும் இணைத்தேன். திட்ட அலுவலகம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. விசாரணைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை ஆமினாவிடம் கேட்டேன். வந்து சொல்ல முடியுமா என்று.

"மாத்திரை நின்னா நான் செத்துருவேன் சிஸ்டர்," என்றார் அவர். "உங்களுக்கென்ன, அடுத்த மாசமும் வேலை இருக்கும். என் வால்வுக்கு நீங்க வந்து மூச்சு விடுவீயளா?"

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு எங்கே?

அப்போதுதான் சந்தனமாரி உள்ளே வந்தாள். கையில் மாத்திரைப் பெட்டி. அதை என் மேஜையில் வைத்தாள். பிறகு கைப்பேசியை நீட்டினாள்.

"என்னமோ தெனமும் வருது சிஸ்டர். படிச்சுச் சொல்லுங்க."

படித்தேன். 'அன்பான பயனாளி திரு. சுயம்புலிங்கம் அவர்களே, தங்கள் சேவை முடிவடைந்துவிட்டது. பெட்டியையும் பற்சில்லையும் பதினைந்து நாட்களுக்குள் திருப்பி ஒப்படைக்கவும். ஒன்பதாவது நினைவூட்டல்.'

நான் படித்துச் சொன்னதும் சந்தனமாரி பெட்டியை என் பக்கம் தள்ளினாள்.

"பெட்டி இந்தா இருக்கு. சில்லு அவரு பல்லோட போயிட்டே. நான் எந்தச் சாம்பல்ல போய்த் தேட?"

ஆமினா எழுந்து அவளை உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். இருவருக்கும் முன்பின் பழக்கமில்லை. சந்தனமாரி குடித்து முடிக்கும்வரை ஆமினா அவள் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

விசாரணை மாவட்டத் தலைநகரில், குளிர்பதனம் செய்த ஒரு கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார்தான் தலைவர். பின்வரிசை நாற்காலிகளில் எங்கள் நோயாளிகள் முப்பது பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆமினாவும் இருந்தார். சந்தனமாரி ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். கீரையை நிறுத்தினால் மாத்திரையின் வேகம் கூடும் என்று சொன்னேன். பயிற்சியிலேயே கேட்டேன் என்றும் சொன்னேன்.

"அப்படி ஒரு கேள்வி பயிற்சிப் பதிவில் இல்லை," என்றார் தலைவர். நான் நிரஞ்சனைப் பார்த்தேன். அவர் தன் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அவர் எழுந்து திரையில் ஒரு வரைபடம் காட்டினார். எல்லாம் நான் எடுத்த எண்கள். நான் விரலில் குத்தி எடுத்தவை.

"மேடம் கொடுத்த விவரத்தையே எடுத்துக்கலாம். அறுபத்திரண்டு பேர்ல நாற்பத்தொரு பேருக்கு மிகச் சரியான எண். இத்தனை பேரும் நாவறி சொன்ன உணவு முறையைத்தான் கடைப்பிடிச்சிருக்காங்க. பதிவுல ஒரு மீறல்கூட இல்லை. மூணுல ரெண்டு பேருக்கு நல்லா வேலை செய்யுதுன்னா, மீதிப் பேருக்கு வந்தது அவங்க உடல்வாகு சம்பந்தப்பட்டது. கருவியோட பிரச்சினை இல்லை."

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் நாற்காலி நகரும் சத்தம்.

"யம்மா, அந்த நாப்பத்தொண்ணுல ஒருத்தி நான்," என்றார் ஆமினா.

தலைவர் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"ஆமினா. இடியாப்பக் கடை. இந்தத் தம்பி என்னைத்தான் படம் போட்டுக் காட்டுதாரு. எனக்கு நம்பர் நல்லா இருக்கிறது உங்க சில்லால இல்ல. நான் ஒருநாள்கூடக் கீரையை விடல. பபிள்கம் வச்சு மூடிட்டுத் தின்னேன். உங்க சொல்லைக் கேட்டிருந்தா நானும் இந்நேரம் போயிருப்பேன். கேட்டவரு போயிட்டாரு. அவரு வீட்டம்மா அந்தா இருக்கா. அவகிட்ட செத்த மனுசனோட பல்லைக் கொண்டான்னு செய்தி அனுப்புதீயளே, உங்களுக்கு மனசு கூசல?"

குழுவில் இருந்த ஒருவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, குடிக்காமல் மூடினார்.

"நீங்க சொல்றது கருவியைச் சேதப்படுத்திய குற்றம். தெரியுமா?" என்றார் தலைவர்.

"தெரியும்மா. எழுதிக்கிடுங்க."

அவருக்குப் பின் ஆறு பேர் எழுந்தார்கள். ஒரு தையல்காரர், அண்ணன் தம்பி இருவர், பள்ளிக்கூட ஆயா ஒருவர், இன்னும் இரண்டு பெண்கள். நானும்தான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். மீதிப் பதினாறு பேரில் அன்று வந்திருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. மாத்திரையை உயிரோடு சேர்த்துக் கட்டிவிட்டு, உண்மை பேசு என்று யாரிடமும் கேட்க எனக்கு உரிமை இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் நிரஞ்சன் என் பின்னாலேயே வந்தார்.

"மேடம், நீங்க கேட்டது எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கே மேல எழுதினேன். பதிலும் வந்தது."

"என்ன பதில்?"

"சில்லுக்கு ஆமா, இல்லைன்னு ரெண்டுதான் தெரியும். தினமும் ஒரே அளவு சாப்பிடுன்னு சொல்றதை அதால கண்காணிக்க முடியாது. அதனால முழுசாத் தடை பண்றதுதான் சுலபம்னு எழுதியிருந்தாங்க. மாசப் பரிசோதனையைக் குறைச்சாத்தான் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கும்னும் இருந்தது."

"டோஸ்?"

"டோஸைப் பத்தி யாரும் எதுவும் எழுதலை."

"இதை உள்ளே சொல்லியிருக்கலாமே, தம்பி."

அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கார் வந்துவிட்டது என்று போய்விட்டார். தெரியாமல் செய்தவர்கள் என்று அதுவரை ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மனிதன் எவ்வளவு சாப்பிடுகிறான் என்று அவனிடமே கேட்டு, மாதம் ஒரு சொட்டு ரத்தம் பார்ப்பது அவர்களுக்குக் கஷ்டமாக இருந்திருக்கிறது. சாகவிடுவது சுலபமாக இருந்திருக்கிறது.

ஆறு வாரம் கழித்து ஆணை வந்தது. கீரை சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாற்றப்பட்டது. சீரான அளவில் உண்ணலாம், மாற்றினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மாதப் பரிசோதனை திரும்ப வந்தது. எண்பது பட்டையோடு தொடங்கிய சண்டைக்கு அது பெரிய வெற்றிதான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஓ.பி.யில் எல்லோரும் கைகொடுத்தார்கள்.

ஆணையின் மீதிப் பக்கங்களையும் நான் படித்தேன். ஆமினா உட்பட ஏழு பேரும் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டார்கள். இப்போது அவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மருத்துவக் கல்லூரிக்குப் பேருந்தில் போய், பொது வரிசையில் நின்று மாத்திரை வாங்குகிறார்கள். ஆமினா கடையைச் சாத்திவிட்டுப் போகிறார். ஒருமுறைகூட என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கருவி வடிவமைக்கப்பட்டபடியே இயங்கியது என்று ஆணை சொன்னது. சுயம்புலிங்கத்தின் இறப்புக்குக் காரணம் ஒரே வரியில் இருந்தது. 'உணவு மாற்றத்துக்கேற்ப மாத்திரை அளவைத் திருத்த நடவடிக்கை எடுக்கத் தவறிய, நோயாளி அறிகுறிகளுடன் வந்தபோது மாற்றுப் பரிசோதனை செய்யத் தவறிய செவிலியர் பியூலா.' இடமாற்ற உத்தரவும் இணைப்பில் இருந்தது.

முப்பத்திரண்டு பக்க ஆணையில் ஒரு மனிதரின் பெயர் குற்றத்தோடு சேர்த்து எழுதப்பட்ட இடம் அது ஒன்றுதான். மற்ற இடங்களிலெல்லாம் 'முடிவு எடுக்கப்பட்டது', 'கருதப்பட்டது', 'குறைக்கப்பட்டது'. எடுத்தது யார், குறைத்தது யார் என்று ஓரிடத்திலும் இல்லை.

என் தோழிகள் உடனே மேல்முறையீடு செய்யச் சொன்னார்கள். சங்கத்தில் வக்கீல் இருக்கிறார், அந்த வரியை நீக்கிவிடலாம் என்றார்கள். நான் இரண்டு நாள் யோசித்தேன். அந்த வரியில் பொய் ஒன்றும் இல்லை. அலமாரிச் சாவி எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும்.

மேல்முறையீட்டை நானே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அதை எடுத்துக்கொண்டு சந்தனமாரி வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கூப்பிட்டாள். ஆணையில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். என்னைப் பற்றிய வரி உட்பட எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். ஐந்தாவது வாரம் என் அலமாரியில் இருந்த கருவியைப் பற்றியும் சொன்னேன். அது அவளுக்கு அதுவரை தெரியாது.

அவள் ஈரத்துணியை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது கேட்டாள்.

"இந்த மனுவுல என்ன கேட்டிருக்கீய? உங்க பேரை எடுக்கச் சொல்லியா?"

"இல்ல. கீரையை முழுசாத் தடை பண்ணுன்னு எழுதினவர் பேரு, மாசப் பரிசோதனையை நிறுத்திக் கையெழுத்துப் போட்டவர் பேரு, ரெண்டையும் சேர்க்கச் சொல்லி. என் பேருக்கு மேல."

சந்தனமாரி கையை நீட்டினாள். தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி முழுதும் படித்தாள். பேனா கேட்டாள். நான் என் கையெழுத்துக்கென்று விட்டிருந்த முதல் இடத்தில் தன் பெயரை நிதானமாக எழுதினாள்.

"உங்க பேரை எடுக்கச் சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்," என்று சொல்லி, பேனாவை என்னிடம் கொடுத்தாள்.